வீட்டுக்காரரின் அம்புக்குறி

அம்மா இறந்த செய்தி வெளியான ஒரே இடம் ஒரு மென்பொருளின் வாராந்திர அறிக்கை. கோப்புக்குப் பெயர் மாற்றும்போது வந்த தடங்கல் நீக்கப்பட்டது என்ற வரிக்கும், ஒலிப் பொத்தான் இனி இடம் மாறாது என்ற வரிக்கும் நடுவில் அது இருந்தது.

"இந்த அறிக்கையை இதுவரை எழுதிவந்த புகார் அக்கா காலமானார். இந்த வாரம் பிழைகள் இருந்தால் அதுதான் காரணம்."

எழுதியவர் ஒரு பல் மருத்துவர். பிழைகள் இருந்தன. அம்மா இருந்திருந்தால் அன்றே அவருக்குப் போன் போட்டிருப்பாள்.

அம்மா குடிநீர் வழங்கும் அலுவலகத்தில், புகார்ப் பிரிவில் வேலை பார்த்தாள். சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அதே மேசை, அதே நாற்காலி. தொலைபேசி மட்டும் கறுப்பிலிருந்து சிவப்பாகி, சிவப்பிலிருந்து சாம்பலானது. ஊரில் எங்கே குழாய் உடைந்தாலும், தண்ணீர் வராவிட்டாலும், வந்த தண்ணீர் டீ நிறத்தில் வந்தாலும் முதல் திட்டு அம்மாவுக்குத்தான். ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்வாள். எதிர்முனையில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டதும் காதருகே கொண்டுவந்து, "சரிங்க, இப்ப தெருப் பேரைச் சொல்லுங்க" என்பாள்.

அவளுக்கு இரண்டு சட்டங்கள். முதலாவது, எப்போது சரியாகும் என்று யாருக்கும் தேதி சொல்லக் கூடாது. "ஆள் போயிருக்கு" என்று மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாவது, குழாயைச் சரிசெய்த ஆள் வந்து 'முடிஞ்சுது' என்று சொன்னால் புகார் முடிந்துவிடாது. புகார் கொடுத்தவரையே கூப்பிட்டு, "தண்ணி வந்துச்சா?" என்று கேட்க வேண்டும். அவர் வாயால் "வந்துச்சு" என்றால்தான் முடியும். இதனால் வருடம் தவறாமல், முடிக்கப்படாத புகார்கள் மலைபோல் குவிந்த பிரிவு என்று அலுவலகக் கூட்டத்தில் அம்மாவின் பிரிவு பெயர் வாங்கியது. பதவி உயர்வு அவள் இருந்த பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்றதும் தவித்துப்போனாள். "திட்டு வாங்காம உங்கம்மாவுக்குக் காது அரிக்குது" என்று சித்தி சொல்வாள். அம்மாவின் தங்கை. வேறு யார் சொன்னாலும் சண்டை வந்திருக்கும்.

அங்கேதான் நான் வந்தேன். நான் கணினிப் பொறியாளர். நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் போடும் மென்பொருள் செய்கிறேன். வீட்டில் இருந்த பழைய கணினி ஒவ்வொரு ஜன்னலையும் திறக்கப் பெருமூச்சு விட்டது. அம்மா தினம் ஒருமுறை என் அலுவலகத்துக்குப் போன் செய்து அந்தப் பெருமூச்சைக் கேட்கவைத்தாள். நான் அதில் ஒரு இலவச டெஸ்க்டாப் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். பழைய கணினியிலும் ஓடும். திறந்த மூலம்; அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். செய்பவர்கள் எல்லோரும் சம்பளமில்லாத தொண்டர்கள். அம்மா என்னைத் தினமும் கூப்பிடக் கூடாது என்பது என் நோக்கம். திட்டம் முழு வெற்றி. அவள் என்னை விட்டுவிட்டு அதைச் செய்தவர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

அவர்களுக்கென்று ஒரு புகார்த் தளம் இருந்தது. அம்மா முதல் புகாரைப் பதிந்தாள். அது இதுதான்:

"என் வீட்டுக்காரருக்குக் கண் பார்வை குறைவு. அம்புக்குறியைப் பெரிதாக வைத்திருக்கிறோம். சீட்டு விளையாட்டின் ஜன்னலுக்குள் போனதும் அது சின்னதாகிவிடுகிறது. வீட்டுக்காரர் அதைத் தொலைத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறார். நான் அடுப்படியில் இருக்கிறேன்."

அப்பா பேருந்துப் பணிமனையில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்தவர். ஒரு கண்ணில் புகை படிந்தாற்போல் இருக்கும். இன்னொன்றும் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தது. காலையும் மாலையும் கணினியில் சீட்டு விளையாடுவார். ஆட்டத்தின் நடுவே, "ஏய், அம்பு காணோம்" என்று குரல் வரும். அம்மா ஈரக் கையோடு வந்து, திரையில் விரலை வைத்து, "இதோ" என்று காட்டிவிட்டுப் போவாள். திரையெங்கும் அவள் விரல் தடங்கள்.

அந்தப் புகார் சரியாகவில்லை. ஆனால் அம்மாவுக்கு அந்த இடம் பிடித்துப்போனது. மற்றவர்களின் புகார்களைப் படித்தாள். 'வேலை செய்யவில்லை' என்று மொட்டையாக எழுதியவர்களை எல்லாம் மடக்கினாள். எந்தப் பதிப்பு? எந்த ஜன்னல்? கடைசியாக எப்போது நன்றாக இருந்தது? தெருப் பெயர் கேட்பது போலத்தான். புகார் அக்கா என்ற பெயர் வந்தது. பிறகு, வாரத்தில் என்னென்ன மாறியது என்று சனிக்கிழமை தோறும் வெளியாகும் அறிக்கை அவள் கைக்கு வந்தது. அதுவரை நிரல் எழுதுகிறவர்களே அதை எழுதிவந்தார்கள்; அவர்களுக்கே புரியாது. அம்மா அதில் கடைசியாக ஒரு பகுதி சேர்த்தாள்: 'இந்த வாரம் உடைத்தவை'. அதற்கும் ஒரு சட்டம். உடைத்தவரே எழுத வேண்டும்.

"கேபிள் போடறேன்னு தோண்டுவானுங்க, பைப்பை உடைப்பானுங்க, மூடிட்டுப் போயிடுவானுங்க" என்று என்னிடம் காரணம் சொன்னாள். "எனக்கு யாரு சொல்லுவா? தண்ணி வராதவன் சொல்லுவான். நல்லா சொல்லுவான்."

அவள் போன பிறகு சித்தி சில வாரங்கள் எங்களோடு தங்க வந்தாள். நான் அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவின் அறையில் உட்கார்ந்தேன். செய்ய வேண்டியவை இருந்தன. அவள் வங்கிக் கணக்கை மூடினேன். கைபேசி எண்ணை மூடினேன். நூலக உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வோர் இடத்திலும் காரணம் கேட்டார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரே காரணம்.

பிறகு அவளுடைய மின்னஞ்சலைத் திறந்தேன். புகார்த் தளத்தின் தானியங்கி ஒரு செய்தி அனுப்பியிருந்தது. நெடுநாள் யாரும் தொடாத புகார்களைத் தேடிப் பிடித்து மூடுவது அதன் வேலை.

"வணக்கம். இந்தப் புகாரில் கொஞ்ச காலமாக யாரும் பேசவில்லை. குறை இன்னும் இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். பதில் இல்லையென்றால் மாத முடிவில் மூடிவிடுவோம். கோபம் வந்தால் அதையும் எழுதலாம். படிக்க ஆள் இருக்கிறது."

அம்புக்குறிப் புகார். ஒவ்வொரு புதுப் பதிப்பு வந்ததும் அம்மா தானே சோதித்து, "இன்றும் பார்த்தேன், சின்னதாகிறது" என்று கீழே எழுதி அதை உயிரோடு வைத்திருந்தாள். போன பதிப்பில் எழுத அவள் இல்லை.

இதில் ஒரு விசேஷம், தானியங்கியின் வாசகத்தை எழுதியதும் அம்மாதான். முன்பு அது நீதிமன்றச் சம்மன் மாதிரி இருந்ததாம். சண்டை போட்டு மாற்றியிருந்தாள். ஆக, அம்மாவின் புகாரை மூடப்போவதாக அம்மாவுக்கு அம்மாவே எழுதியிருந்தாள்.

ஒரு வரி எழுதினால் போதும், புகார் திறந்தே இருக்கும். எனக்கு அது போதவில்லை. அம்மாவின் பெயரில் இருந்த எல்லாவற்றையும் 'மரணம்' என்று சொல்லி மூடியாயிற்று. இது ஒன்றாவது 'சரிசெய்யப்பட்டது' என்று மூடப்படட்டும். மாத முடிவுக்குள் நானே சரிசெய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். துக்கத்தில் பெரிய முடிவுகள் எடுக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சின்ன முடிவுகளைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை.

ஜன்னல்களையும் அம்புக்குறியையும் கவனித்துக்கொள்வது பல் டாக்டர். போன் செய்தேன். பின்னால் துளைக் கருவியின் ரீங்காரம்.

"அக்கா பொண்ணா? சொல்லுங்கம்மா. ஒரு நிமிஷம், வாயை நல்லாத் திறங்க. உங்களைச் சொல்லல."

விஷயத்தைச் சொன்னேன்.

"அதுவா! அது பழைய தலைவலிங்க. நானே ரெண்டு தரம் கை வச்சு சுட்டுக்கிட்டேன். சில ஜன்னல் அம்பை அதுவா வரையுது. நாம சொல்ற அளவை அது காதுல வாங்கறதில்ல. பார்த்துப் பண்ணுங்க."

"நான் இத்தனை வருஷமா இதே தொழில்லதான் இருக்கேன் டாக்டர்."

அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

"நல்லதும்மா" என்றார். "வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"யாரு வீட்டுக்காரர்?"

"உங்கப்பாதாம்மா. எங்க எல்லாருக்கும் அவர் வீட்டுக்காரர்தான். புதுசா ஏதாவது செஞ்சா அக்கா, 'இது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?'ன்னுதான் முதல்ல கேப்பாங்க. பாதி எழுத்தைப் பெருசு பண்ணினதே அவருக்காகத்தான்."

அப்பாவிடம் சொன்னேன். அவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் மானத்தை ஊர் பூரா வாங்கியிருக்கா" என்றார். ஒரு சீட்டை நகர்த்திவிட்டு, "எத்தனை பேரு இருப்பாங்க?" என்றார்.

அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். அது அவளுடைய உயரத்துக்கு இறக்கப்பட்டிருந்தது. என் முழங்கால் மேசையில் இடித்தது. நான் ஏற்றவில்லை. சித்தி ஒரு துணியோடு வந்து திரையைத் துடைக்கப் போனாள். அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"விடும்மா. எனக்கு நல்லாத் தெரியுது."

"என்ன மாமா தெரியுது? எல்லாம் விரல் அழுக்கு. உங்களுக்கு அம்பு எங்க இருக்குன்னு நல்லாத் தெரியும். அக்காவைச் சும்மா சும்மா கூப்பிட்டு வேலை வாங்குவீங்க."

"தெரியாதுன்னா தெரியாது" என்று அப்பா சீறினார். "சும்மா கூப்பிட்டா அவ வர்ற ஆளா? ஒருநாள் அம்பு இருக்கும்போதே கூப்பிட்டுட்டேன். கரண்டியோட வந்தா."

சித்தி துணியை மடித்துக்கொண்டு போனாள்.

என் யோசனை எளிமையானது. சீட்டு ஜன்னல் அம்பைச் சின்னதாக வரைகிறது. சரி, ஜன்னலுக்குள் நுழையும்போதெல்லாம் அம்பைப் பெருக்கிவிட வேண்டியதுதான். நூற்றுச் சொச்சம் வரிகள் எழுதினேன். அழகான வரிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விளக்கம். அலுவலகத்தில் என் கீழ் இருப்பவர்கள் எழுதியிருந்தால் கைகுலுக்கியிருப்பேன். சீட்டு விளையாட்டைத் திறந்து அம்பை உள்ளே கொண்டுபோனேன். பெரிதாகவே இருந்தது. மூடினேன். டாக்டருக்கு அனுப்பினேன். அவர் இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே படித்துப் பார்த்து, "பார்வைக்கு நல்லா இருக்கும்மா" என்று சோதனைப் பதிப்பில் சேர்த்துவிட்டார். அந்தப் பதிப்பை ஆர்வலர்கள் தினமும் இறக்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக் கணினியிலும் அதுதான், அம்மாவின் ஏற்பாடு.

மறுநாள் காலை சித்தியின் குரல் கேட்டது.

"ஏண்டி, இங்க வா! திரையில என்னமோ கறுப்பா ஏறுது!"

ஓடினேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திரையில் அம்பு உள்ளங்கை அளவுக்கு இருந்தது. அவர் அதைச் சீட்டு ஜன்னலிலிருந்து வெளியே எடுத்து மறுபடி உள்ளே கொண்டுபோனார். அம்பு இன்னும் வளர்ந்தது. மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. இப்போது ராஜாவும் ராணியும் அதன் அடியில் மறைந்துபோனார்கள்.

"அம்புதாம்மா" என்றார் அப்பா சித்தியிடம். "எவ்வளவு லட்சணமா இருக்கு பாரு."

"லட்சணமா? கூரை விழுந்த மாதிரி இருக்கு!"

என்ன நடந்தது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நுழையும்போதெல்லாம் ஒன்றரை மடங்கு ஆக்கு என்று எழுதியிருந்தேன். எதிலிருந்து ஒன்றரை மடங்கு என்று எழுதவில்லை. அது கண்ணெதிரே இருந்த அளவை எடுத்துப் பெருக்கியது. மறுமுறை, பெருக்கியதைப் பெருக்கியது. நான் ஒரே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு எழுந்து போனவள். என் அலுவலகத்தில் சம்பளத்தை இப்படிப் பெருக்கியிருந்தால் ஊழியர்கள் எனக்குச் சிலை வைத்திருப்பார்கள்.

புகார்த் தளம் பொங்கி வழிந்தது. 'என் கணினியில் ஒரு கறுப்பு முக்கோணம் மட்டும் இருக்கிறது.' 'கணினியை அணைக்க வேண்டும், அணைக்கும் பொத்தான் அம்புக்கு அடியில் இருக்கிறது.' ஓர் ஆசிரியர் வகுப்பில் பெரிய திரை போட்டுப் பாடம் நடத்தியிருக்கிறார். அம்பு வளர வளரப் பிள்ளைகள் கைதட்டினார்களாம். படம் வேறு எடுத்து அனுப்பியிருந்தார். தெளிவான படம்.

டாக்டர் கூப்பிட்டார். இந்தமுறை ரீங்காரம் இல்லை. எனக்காக நோயாளியைக் காக்க வைத்திருந்தார்.

"எடுத்துட்டேன்மா. பழையபடி ஆயிடுச்சு. நானும் சரியாப் பார்க்கல, ரெண்டு பேர் மேலயும் தப்பு."

"மன்னிச்சுக்கங்க டாக்டர்."

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? நாளைக்குச் சனிக்கிழமை. 'உடைத்தவை'யில நீங்கதான் எழுதணும். மத்ததை நான் எழுதிக்கறேன்."

அம்மா தொடங்கிய பகுதி. இதுவரை நான் படித்துச் சிரித்த பகுதி. அதில் என் பெயர்.

ஒரு முழுப் பத்தி எழுதி அனுப்பினேன். சில ஜன்னல்கள் அம்புக்குறியைத் தாமே வரையும் சிக்கலான சூழலில், அளவுப் பெருக்கத்தின் அடிப்படை மதிப்பு எதிர்பாராத விதமாக மீளமைக்கப்படாமல் போனதால், சிலருக்குச் சிறிது அசௌகரியம் ஏற்பட்டிருக்கக்கூடும். இதைப் போன்ற வாக்கியங்களை அலுவலகத்தில் வாடிக்கையாளர்களுக்கு எழுதித்தான் நான் பதவி உயர்வு வாங்கினேன்.

டாக்டர் உடனே கூப்பிட்டார்.

"என்னம்மா இது, மயக்க மருந்து மாதிரி இருக்கு. எதிர்பாராத விதமாவா? நீங்க எழுதினதைத்தான் அது செஞ்சுது."

"டெக்னிக்கலா அது சரிதானே டாக்டர்."

"அக்கா இதை வாங்கவே மாட்டாங்க. ஒருதரம் நான் இப்படித்தான் எழுதினேன். 'தம்பி, குழாய் தானா உடையல, நீ கடப்பாரையை வச்சே'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பார்த்தவங்களுக்கு என்ன தெரிஞ்சுது, யாரு செஞ்சது, இப்ப என்ன நிலைமை. அவ்வளவுதான்."

திரும்ப உட்கார்ந்தேன். வெட்ட வெட்ட வரிகள் குறைந்தன. கடைசியில் மிஞ்சியது இது:

"இந்த வாரம் உடைத்தவை. அம்புக்குறி ஒவ்வொரு ஜன்னலிலும் நுழையும்போது பெரிதாகிக்கொண்டே போய்த் திரையை மறைத்தது. செய்தது நான். ஒருமுறை மட்டும் சோதித்துவிட்டு அனுப்பினேன். இப்போது எடுத்துவிட்டோம், பழையபடி சின்னதாகிறது. வகுப்பில் அவதிப்பட்ட ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பிள்ளைகளிடம் இல்லை. – புகார் அக்காவின் மகள்."

வாசித்துக் காட்டச் சொல்லி அப்பா கேட்டுக்கொண்டார்.

"உங்கம்மா எழுதினா ஒரு கமா கூடப் போட்டிருப்பா" என்றார். பிறகு கணினியின் பக்கம் திரும்பினார். "ஆமா, அந்தப் பெரிய அம்பை யாரு எடுத்தது?"

"நாங்கதாம்பா. அது தப்பு."

"எனக்கு ஒரு நாள் நல்லா இருந்துச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டருக்குக் கிளினிக் இல்லை. என் திரையை அவரும் பார்க்கும்படி இணைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். என் நூற்றுச் சொச்சம் வரிகளையும் அவர் பொறுமையாகப் படித்தார். பிறகு இருமினார்.

"ஏம்மா பெருக்கறீங்க?"

"பெருசாகணுமே."

"எவ்வளவு பெருசுன்னு வீட்டுக்காரர் ஏற்கெனவே அமைப்புல சொல்லி வச்சிருக்காரே. நுழையும்போதெல்லாம் அதைக் கேட்டுட்டு அப்படியே வச்சா என்ன?"

சம்பள மென்பொருளில் இது முதல் பாடம். இருக்கிற தொகையைப் பெருக்காதே, மூலக் கணக்கைக் கேள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன்.

நூற்றுச் சொச்சம் வரிகள் போயின. இரண்டு வரிகள் மிஞ்சின. அதில் ஒன்று டாக்டருடையது. இன்னொன்றில் ஒரு அடைப்புக்குறிதான் இருந்தது, அது என்னுடையது. இந்தமுறை திறந்தேன், மூடினேன், உள்ளே போனேன், வெளியே வந்தேன். ஜன்னல்களை அடுக்கி வைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினேன். நாள் முழுக்க வேறு வேலை இல்லை. அம்பு நினைத்த அளவில் நின்றது. டாக்டர் சோதனைப் பதிப்பில் சேர்த்தார். இரண்டு நாள் யாரும் திட்டவில்லை.

அம்மாவின் புகாரைத் திறந்து 'சரிசெய்யப்பட்டது' என்று மாற்றப் போனேன். தளம் விடவில்லை. நிலை தானாகவே வேறொன்றுக்குப் போய் நின்றது: 'புகார் கொடுத்தவரின் பதிலுக்குக் காத்திருக்கிறது.'

டாக்டரைக் கூப்பிட்டேன்.

"அது அக்கா கொண்டுவந்த ஏற்பாடும்மா" என்றார் தயங்கியபடி. "சரிசெஞ்சவங்க மூட முடியாது. கொடுத்தவங்க வந்து 'சரியாச்சு'ன்னு சொல்லணும். வரலைன்னா மாசக் கடைசியில தானியங்கியே மூடிடும்."

"என்னன்னு போட்டு மூடும்?"

"பதில் இல்லைன்னு."

தண்ணி வந்துச்சா? கேட்க ஆள் இருந்தது. சொல்ல ஆள் இல்லை. தன் சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டாள் என்று சொல்லிச் சிரிக்க எனக்கு ஒரே ஓர் ஆள்தான் தேவைப்பட்டது. அவளிடம்தான் சொல்ல முடியாது.

"நீங்க அக்கா கணக்குல போய் ஒரு வார்த்தை எழுதிடுங்கம்மா" என்றார் டாக்டர். "யாரு கேக்கப் போறா?"

போனேன். கணக்கு திறந்தேதான் இருந்தது. அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு காலிப் பெட்டி. 'சரியாகிவிட்டது' என்று தட்டினேன். அனுப்பும் பொத்தானின் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பெரிய, நேர்த்தியான அம்பு. அழுத்தவில்லை. இதை நேர்மை என்று எழுதிக்கொள்ள ஆசைதான். உண்மையில், கடப்பாரை வைத்த ஆளே புகார் கொடுத்தவர் குரலில் பேசி முடித்துவைப்பதை அவள் எத்தனை தடவை போனில் கண்டுபிடித்திருப்பாள் என்று நினைத்தேன். "நீங்க அந்த வீட்டு ஆளே இல்லையே" என்பாள் அவர்களிடம். எனக்குப் பயம்.

தட்டியதை அழித்தேன். அப்போதுதான் மேலே இருந்த புகாரை மறுபடி படித்தேன். என் வீட்டுக்காரருக்கு. வீட்டுக்காரர் தொலைத்துவிட்டு. என்னைக் கூப்பிடுகிறார்.

தண்ணீர் வராதது அம்மாவுக்கு இல்லை. அம்மா போன் எடுத்தவள் மட்டும்தான்.

"அப்பா, கொஞ்சம் சீட்டு ஆடறீங்களா?"

"காலையிலேயே ஆடிட்டேனே."

"சோதிக்கணும்பா. நீங்கதான் புகார்க்காரர். நீங்க சொன்னாத்தான் முடியும்."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துச் சட்டையில் துடைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, மவுஸை ஒருதரம் தூக்கி வைத்தார். நான் பின்னால் நின்றேன். சித்தியும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

சட்டென்று 'சரி' என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அது என் அப்பாவைத் தெரியாத நினைப்பு. வண்டிக்குப் பெயின்ட் அடித்தால் வெயிலில் ஒருதரம், நிழலில் ஒருதரம் பார்க்காமல் வெளியே விடாதவர். அம்பைச் சீட்டு ஜன்னலுக்குள் கொண்டுபோனார். வெளியே எடுத்தார். மூலைக்கு ஓட்டினார். கண்ணை மூடிக்கொண்டு மவுஸைக் கண்டபடி சுழற்றிவிட்டுத் திறந்தார். தேடினார். கண்டுபிடித்தார். மறுபடி மூடினார். பிறகு ஒரு முழு ஆட்டம் ஆடித் தோற்றார்.

"ஏமாத்தியிருந்தா ஜெயிச்சிருக்கலாம் மாமா" என்றாள் சித்தி.

"சோதனையில ஏமாத்தக் கூடாதும்மா." என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "எழுது."

பக்கத்தில் இருந்த என் மடிக்கணினியில் அவருக்கென்று ஒரு கணக்கைத் தொடங்கினேன். பெயர் என்ன போட என்று கேட்டேன்.

"அவங்களுக்கு என்ன பேரு தெரியுமோ அதையே போடு."

'வீட்டுக்காரர்' என்று போட்டேன். அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன்.

"நான்தான் அந்த வீட்டுக்காரர். இன்னிக்கு என் கையால ஆடிப் பார்த்தேன். உள்ள போனா சின்னதாகல. யாரையும் கூப்பிடல." அங்கே நிறுத்தினார். அடுத்த சீட்டை எடுத்துத் தப்பான இடத்தில் வைத்தார். "இது சரியாயிடுச்சு. மூடிக்கலாம்."

டாக்டரிடம் சொன்னேன். பாதிக்கப்பட்டவரே சொன்னால் செல்லும் என்று அவர் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு வந்து மூடினார். மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. 'சரிசெய்யப்பட்டது.' இங்கே காரணம் என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நினைத்தது நடந்துவிட்டது. இனி அதில் "இன்றும் பார்த்தேன்" என்று எழுத யாருக்கும் வேலை இல்லை. இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். நான்தான் ஒருமுறை மட்டும் சோதித்துவிட்டு அனுப்புகிறவள் ஆயிற்றே.

"இன்னொண்ணு எழுது" என்றார் அப்பா.

"முடிஞ்சுதேப்பா."

"அம்பு சின்னதாகல, சரி. ஆனா பெருசா வைக்கறதுலயே கடைசிப் பெருசு இதுதானாம். இது பத்தல எனக்கு. அன்னிக்கு வந்துச்சே, ராஜா தலையை மறைச்சுக்கிட்டு, அதுல பாதி வேணும்."

"அது வேற புகார். ஒரு புகார்ல ஒண்ணுதான் எழுதணும்னு அம்மா..."

"அப்போ புதுசாப் போடு. நானா வேண்டாங்கறேன்?"

போட்டேன். எந்தப் பதிப்பு, எந்த ஜன்னல், கடைசியாக எப்போது நன்றாக இருந்தது. 'போன வெள்ளிக்கிழமை' என்றார் அப்பா. அனுப்பியதும் தானியங்கியின் பதில் வந்தது. அவர் கண்ணுக்குத் தெரியவில்லை; நான் வாசித்தேன்.

"உங்கள் புகார் கிடைத்தது. எப்போது சரியாகும் என்று இப்போது சொல்ல முடியாது. மறந்துவிடுவோம் என்று நினைக்க வேண்டாம். படிக்க ஆள் இருக்கிறது."

"இது யாரு எழுதினது?" என்றார்.

"தானா வர்றதுப்பா."

"யாரு எழுதினதுன்னு கேட்டேன்."

"அம்மாதான்."

சித்தி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அப்பா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரிகளின் மேல் முகத்தை வைத்துப் படித்தார். நிறைய நேரம் படித்தார்.

டாக்டரின் செய்தி அடுத்து வந்தது. புதுப் புகாரை யாரிடம் ஒப்படைப்பது என்று அவர் ரொம்ப யோசிக்கவில்லை. "உங்க பேர்ல போட்டுட்டேன்மா. அம்பைப் பெருசாக்கறதுல இங்க அனுபவம் இருக்கறவங்க நீங்க ஒருத்தர்தான்."

"எப்ப வரும்?" என்றார் அப்பா.

நாளைக்கே என்று சொல்ல வாயெடுத்தேன். நூறு வரிகள் மனதுக்குள் தயாராகவும் இருந்தன.

"ஆள் உக்காந்திருக்குப்பா" என்றேன்.

அப்பா மவுஸைக் கையில் எடுத்தார்.

"இதைக் கேட்டுத்தான் ஊர்ல எல்லாரும் அவளைத் திட்டினாங்க" என்று சொல்லிவிட்டு, சீட்டைக் கலைத்துப் புது ஆட்டம் போட்டார்.